எந்தக் குளத்தை வரைவது? (நில, நீர்ச் சொற்களின் வரையறைகள்: ஒரு திறனாய்வு)

திரவ அழுத்தம் பற்றிய பாடம் அது. ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் எவ்வாறு கூடுகிறது என்பதை விளக்குவதற்கு முன்பு, குளம் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று படம் வரையுமாறு முதலாண்டு மாணவர்களிடம் கூறினேன். வகுப்பில் பெரும்பாலோர் சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். தமிழ் வழியில் பயின்றவர்கள். நாள்தோறும் குளத்தங்கரை வழியாக நடந்து வந்து பேருந்து ஏறுகிறவர்களும் அவர்களில் உண்டு. ஆயினும் ஏறத்தாழ எல்லோருமே ஒரு கிண்ணத்தைத்தான் வரைந்திருந்தார்கள். இரு புறமும் சமமான கரைகள், நடுவே பள்ளம், பள்ளத்தில் நீர். ஒரு மாணவர் மட்டும் எதையும் வரையாமல் எழுந்து நின்று, "சார், எந்தக் குளத்தை வரையணும்? பொஸ்தகத்துக் குளமா, எங்க ஊருக் குளமா?" என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. அந்தக் கேள்வி எவ்வளவு பொருத்தமானது என்பது அன்று மாலை வீடு திரும்பிய பின்னர்தான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பூகோளப் பாடங்களில் வழங்கிவரும் வரையறைகளை மீண்டும் ஒருமுறை எடுத்துப் படித்தேன். தீவு, தீபகற்பம், வளைகுடா, விரிகுடா, நீரிணை, மலை, கழிமுகம், ஏரி என நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற சொற்கள் அவை. அவற்றைப் பற்றிய ஒரு மதிப்பீடே இக்கட்டுரை.

நான் புவியியல் பயின்றவன் அல்லன். ஆனால் ஒரு வரையறை எப்படி இருக்க வேண்டும் என்பது இயற்பியல் ஆசிரியனுக்கு அன்றாடப் பிரச்சினை. 'வேகம்', 'விசை', 'வேலை' என்னும் சொற்களை வீட்டில் ஒரு பொருளிலும் வகுப்பில் வேறு பொருளிலும் வழங்குகிறோம். வகுப்பில் வழங்கும் பொருளைக் கறாராகச் சொல்லாவிட்டால் கணக்கு தவறிவிடும். அந்தப் பழக்கத்தைக் கொண்டே இச்சொற்களையும் அணுகுகிறேன். நல்ல வரையறைக்கு மூன்று சோதனைகள் வைக்கலாம். ஓர் இடத்தில் நின்றுகொண்டு 'இது அதுதானா, அல்லவா' என்று தீர்மானிக்க அது உதவுகிறதா? தொலைநாட்டு எடுத்துக்காட்டுக்கு மட்டுமின்றி நம் மாவட்டத்துக்கும் அது பொருந்துகிறதா? அந்த நிலமோ நீரோ எப்படி உண்டாயிற்று, எப்படி மாறுகிறது என்பதைப் பற்றி ஏதேனும் சொல்கிறதா?

தொடங்குமுன் ஒன்றை நன்றியுடன் சொல்ல வேண்டும். தமிழில் அறிவியல் கற்பிக்க முடியுமா என்று பலர் ஐயுற்ற காலத்திலேயே, திருநெல்வேலியிலிருந்து இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பல துறைச் சொற்களைத் தொகுத்து 1938-ஆம் ஆண்டில் 'கலைச்சொற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. அத்தகைய உழைப்பு இல்லாவிடில் இக்கட்டுரையைக்கூட நான் தமிழில் எழுதியிருக்க முடியாது. சொற்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. சொற்களுக்கு நேரே நாம் எழுதிவைத்த பொருளைத்தான் இங்கே ஆராய்கிறோம்.

தீவும் தீபகற்பமும்

'நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு. மூன்று புறம் நீரும் ஒரு புறம் நிலமும் சூழ்ந்தது தீபகற்பம்.' இது நாம் அறிந்த வாய்பாடு. எளிமையானது; பெரும்பாலும் சரியானது. ஆனாலும் ஆஸ்திரேலியாவும் நான்கு புறமும் நீரால் சூழப்பட்டதுதானே? அதன் பரப்பு ஏறத்தாழ 77 லட்சம் சதுர கிலோமீட்டர். அதைக் கண்டம் என்கிறோம். சுமார் 22 லட்சம் சதுர கிலோமீட்டர் கொண்ட கிரீன்லாந்தைத் தீவு என்கிறோம். எந்த அளவில் தீவு முடிந்து கண்டம் தொடங்குகிறது? வரையறை இதற்கு விடை தருவதில்லை. இது மரபாக ஏற்றுக்கொண்ட பிரிவு என்பதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மை.

'நீரால் சூழப்பட்ட' என்றால் எப்போது சூழப்பட்ட? கடல் மட்டம் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை ஏறி இறங்குகிறது. 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட ஒப்பந்தம் இதைக் கவனித்து, ஓதம் மிக உயர்ந்த வேளையிலும் நீருக்கு மேலே நிற்கிற, இயற்கையாக உருவான நிலமே தீவு என்று வகுத்தது. ஒரே ஒரு நிபந்தனை கூடியதும் வரையறை அளவிடத்தக்கதாகி விட்டதைக் காண்க.

இதன் தேவையை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன என்று படித்திருப்பீர்கள். 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததும் அலைகளின் அரிப்பும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பட்டியலில் தீவு; கடலில் திட்டு! தீவு என்பது என்றென்றைக்கும் நிலையான பொருள் அன்று என்பதை நம் வாய்பாடு நமக்குச் சொல்லித் தருவதில்லை.

'தீபகற்பம்' என்ற சொல்லையும் சற்று நோக்குவோம். இதைக் 'கர்ப்பம்' என்று எண்ணி ஏதேதோ பொருள் கற்பித்துக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. 'த்வீபம்' என்றால் தீவு. 'கல்பம்' என்றால் ஏறத்தாழ அதைப் போன்றது. தீவு போன்றது, முழுத் தீவு ஆகாதது என்பதே பொருள். ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல்லும் இதையேதான் சொல்கிறது. இலங்கைத் தமிழரோ குடாக்கள் நிறைந்த நாட்டைக் 'குடாநாடு' என்பர். யாழ்ப்பாணக் குடாநாடு என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரிந்த சொல். சொல்லின் பொருளை ஒரு வரியில் விளக்கியிருந்தாலே பாதி மனப்பாடச் சுமை குறைந்திருக்கும்.

வளைகுடாவா, விரிகுடாவா?

வரையறை முற்றிலும் சறுக்கும் இடம் இது. 'அகன்ற வாயை உடையது விரிகுடா. குறுகிய வாயுடன் நிலத்தினுள் ஆழமாகச் செல்வது வளைகுடா' என்று படிக்கிறோம். தேர்வில் இதற்கு இரண்டு மதிப்பெண்.

நிலப்பட நூலைத் திறந்து இதைச் சோதித்துப் பாருங்கள். வங்காள விரிகுடா, அகன்ற வாய், பொருந்துகிறது. பாரசீக வளைகுடா, வாயிலில் ஹோர்முஸ் நீரிணை வெறும் 40 கிலோமீட்டர் அளவில், இதுவும் பொருந்துகிறது. இனி, நம் காலடியிலுள்ள மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கி அது நன்றாக வாய் திறந்து கிடக்கிறது. உள்ளே செல்லச் செல்லத்தான் குறுகுகிறது. வரையறையின்படி இது விரிகுடா! ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவோ இன்னும் அகலமாகத் திறந்தது. மாறாக, கனடாவின் ஹட்சன் விரிகுடா மூன்று புறமும் நிலத்தால் அணைக்கப்பட்டு, குறுகிய நீரிணை வழியாக அட்லாண்டிக்கைத் தொடுகிறது. வரையறையின்படி அது வளைகுடா!

நடந்தது என்ன? மேலைநாட்டு மாலுமிகளும் வரைபடக்காரர்களும் வெவ்வேறு காலங்களில் தம் விருப்பப்படி பெயர் சூட்டினார்கள். அதில் ஒழுங்கு எதுவும் இல்லை. இல்லாத ஒழுங்கை இருப்பதாக எழுதிய குறை ஆங்கிலப் பள்ளி நூல்களுக்கும் உண்டு. நாம் இரண்டு பெயர்களுக்கும் 'வளை' என்றும் 'விரி' என்றும் அழகான அடைமொழிகளைத் தந்தோம். அந்த அடைமொழிகளே பிறகு வரையறைக்குச் சான்றுபோல் ஆகிவிட்டன. தூத்துக்குடிக் கடற்கரையில் நிற்கும் மாணவன் தன் கண்ணையே நம்பக் கூடாது என்பது போன்ற நிலை!

உண்மையில் கேட்கத்தக்க கேள்வி வேறு: கரையோரத்தில் எவ்வளவு வளைவு இருந்தால் அதைக் குடா என்னலாம்? இதற்கு 1982 ஒப்பந்தம் ஓர் அழகிய வடிவியல் சோதனையைத் தருகிறது. குடாவின் வாய்க்குக் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். அதை விட்டமாகக் கொண்டு ஓர் அரைவட்டம் வரையுங்கள். குடாவின் நீர்ப்பரப்பு அந்த அரைவட்டத்தின் பரப்புக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் அது குடா. குறைவாயிருந்தால் வெறும் கரை வளைவு. நிலப்படம், கவராயம், கட்டத்தாள் மூன்றும் இருந்தால் எட்டாம் வகுப்பு மாணவர்கூட இதைச் செய்துவிடலாம். கட்டங்களை எண்ணிப் பரப்புக் காணும் கணக்கும் கூடவே படிந்துவிடும். இதை ஏன் நம் பாடநூல்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது?

நீரிணையும் நில இணைப்பும்

'இரு பெரிய நீர்ப்பரப்புகளை இணைக்கும் குறுகிய நீர்ப்பகுதி நீரிணை. இரு பெரிய நிலப்பரப்புகளை இணைக்கும் குறுகிய நிலப்பகுதி பூசந்தி.' ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போன்ற வரையறைகள். படித்தவுடன் இவை இரண்டும் எதிரெதிரான பொருள்கள் என்று தோன்றும்.

நம் பாக் நீரிணையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட அப்பகுதியில் கடலின் ஆழம் பெரும்பாலும் 10 மீட்டர் அளவுதான். ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். இராமர் சேது என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்கும் மணல்திட்டு வரிசையில் சில இடங்களில் ஓரிரு மீட்டர் ஆழமே உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகத்தின் நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாக நிலத்தின்மேல் உறைந்து கிடந்தது. அப்போது கடல் மட்டம் இன்றிருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. 120 மீட்டர் இறங்கிய கடலில் 10 மீட்டர் ஆழத்துக்கு என்ன வேலை? இராமநாதபுரத்திலிருந்து மன்னாருக்கு அன்று ஒருவர் நடந்தே போயிருக்கலாம்.

ஆக, இன்றைய நீரிணை அன்றைய நில இணைப்பு. இரண்டும் எதிரெதிர்ப் பொருள்கள் அல்ல. ஒரே இடத்தின் இரு நிலைகள். பனிக்கட்டியையும் நீரையும் இரு வேறு பொருள்கள் என்று நாம் இயற்பியலில் கற்பிப்பதில்லை; வெப்பநிலை மாறினால் நிலை மாறுகிறது என்கிறோம். நம் முன்னோர் பாலையை ஒரு தனி நிலமாக வைக்காமல், முல்லையும் குறிஞ்சியும் வறட்சியால் திரிந்த நிலை என்று கருதிய மரபும் இங்கே நினைவுக்கு வருகிறது. காலத்தை விட்டுவிட்டு நிலத்தை வரையறுக்க முடியாது என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

மலையும் பொத்தையும்

சங்கரன்கோவிலிலிருந்து 20 கிலோமீட்டர் அளவில் உள்ளது கழுகுமலை. ஒரே பாறையைக் குடைந்த வெட்டுவான் கோவிலால் புகழ்பெற்ற ஊர். 'உயர்ந்தது மலை, உயரம் குறைந்தது குன்று' என்கிறது பாடம். 600 மீட்டர் எல்லை என்று ஒரு நூலும் வேறு அளவு என்று இன்னொரு நூலும் கூறும். எந்த எல்லையை வைத்தாலும் கழுகுமலை மலை ஆகாது. போகட்டும், பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் அது வெறும் 'சிறிய மலை' அன்று என்பதுதான் விஞ்ஞானச் செய்தி. சுற்றிலும் சமவெளி, நடுவே திடீரென்று எழும் ஒற்றைப் பாறை. சுற்றியிருந்த மென்மையான பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிதைந்து கரைந்தோட, உறுதியான பகுதி எஞ்சி நிற்கிறது. இத்தகைய குன்றை நிலவடிவ அறிஞர்கள் 'இன்செல்பெர்க்' என்கின்றனர். 'தீவுமலை' என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல் அது.

நம் பக்கத்து மக்கள் இத்தகைய பாறைக்குன்றைப் 'பொத்தை' என்பார்கள். தென்காசி, திருநெல்வேலி வட்டாரங்களில் பொத்தை என்று பெயர் பெற்ற குன்றுகள் பல. ஆயினும் நான் பார்த்த எந்தப் பாடநூலிலும் அச்சொல்லைக் கண்டதில்லை. இதே பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடலோரத்தில், சாத்தான்குளம், திசையன்விளை பக்கங்களில் செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. மக்கள் வழங்கும் பெயர் 'தேரி'. அந்தப் பெயரை நிலவியல் அறிஞர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளிலும் 'தேரி மணல்' என்றே எழுதுகிறார்கள். அங்கே கிடைத்த கற்கால நுண்கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சி 1956-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. நம் பிள்ளைகளோ மணற்குன்று என்றதும் சகாரா பாலைவனத்தையும் ஒட்டகத்தையும் வரைகிறார்கள்!

வட்டாரச் சொல் விஞ்ஞானத்துக்கு ஆகாது என்று சிலர் கருதக்கூடும். உலகம் அப்படிக் கருதவில்லை. 'ஃபியார்டு' என்பது நார்வே மீனவர் சொல். 'கார்ஸ்ட்' என்பது ஸ்லோவீனியாவின் சுண்ணாம்புப் பாறைப் பகுதி ஒன்றின் பெயர். ஆற்று வளைவைக் குறிக்கும் 'மியாண்டர்' துருக்கியிலுள்ள ஓர் ஆற்றின் பழைய பெயர். ஓர் ஊர்க்காரர்கள் தம் நிலத்துக்கு வைத்த பெயரே உலகச் சொல்லாயிற்று. பொத்தைக்கும் தேரிக்கும் அந்தத் தகுதி இல்லையா?

நிலமா, நீரா?

ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பற்றிய குழப்பம் இன்னும் பெரிது. ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து உருவாகும் முக்கோண நிலம் டெல்டா. கிரேக்க எழுத்து ஒன்றின் வடிவால் வந்த பெயர். ஆற்றின் வாயில் கடல் நீர் ஓதத்துடன் உட்புகுந்து நன்னீரோடு கலக்கும் பகுதி வேறு. முன்னது நிலம், பின்னது நீர். ஆனால் 'கழிமுகம்' என்ற ஒரே சொல்லைச் சில நூல்கள் முன்னதற்கும், சில நூல்கள் பின்னதற்கும் ஆளுகின்றன. நிலத்துக்கும் நீருக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு மாணவனைக் குறைகூறுவதில் பயனில்லை.

'கழி' என்பது உப்பங்கழி. எனவே கழிமுகம் என்ற சொல் ஓதநீர் புகும் ஆற்றுவாய்க்கே பொருந்தும் என்பது என் கருத்து. வண்டல் நிலத்துக்கு 'டெல்டா' என்றே இருக்கட்டும். தஞ்சாவூர் உழவர்கள் தயக்கமின்றி வழங்கும் சொல் அது. 2020-ஆம் ஆண்டில் காவிரி டெல்டாப் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது, தம் நிலம் அந்தச் சொல்லுக்குள் வருகிறதா இல்லையா என்பது அவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையாயிற்று.

நம் தாமிரபரணியின் கடைக்கோடியோ ஒரு திறந்தவெளிப் பாடநூல். பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கரையை முன்னே தள்ளியதால், துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும், காயலிலிருந்து புன்னைக்காயலுக்கும் இடம்பெயர்ந்தது என்று கால்டுவெல் 1881-ஆம் ஆண்டில் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் விளக்கினார். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்ற பெயர்களைப் பாருங்கள். கடலோரத் தேங்குநீர்ப் பரப்பே காயல். இலங்கையில் அதைக் 'களப்பு' என்பர். மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயரில் அச்சொல் வாழ்கிறது. ஊர்ப்பெயர்களே நமக்குக் கலைச்சொல் அகராதியாக உள்ளன.

கரையும் உள்வாயும்

இனி, மாணவர் கேட்ட கேள்விக்கு வருவோம். 'நான்கு புறமும் நிலத்தால் சூழப்பட்ட நீர்ப்பரப்பு ஏரி.' இதுதான் பாடம். எடுத்துக்காட்டாக வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியும் ரஷ்யாவின் பைக்கால் ஏரியும் வரும். இயற்கையில் உண்டான பள்ளங்களில் நீர் தேங்கிய ஏரிகள் அவை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 பாசன ஏரிகள் உள்ளன. வட மாவட்டங்களில் ஏரி என்பர். மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய். நம் பக்கம் குளம். இவை பள்ளங்கள் அல்ல. மென்மையாகச் சரியும் நிலத்தில், தாழ்ந்த பக்கத்தில் மட்டும் மண்கரை எழுப்பி, மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரை நிறுத்தியிருக்கிறார்கள். எதிர்ப்புறம் கரை கிடையாது. நிலமே மெல்ல மேலேறி நீரை முடித்து வைக்கிறது. நீர் வந்துசேர வரத்துக்கால், பரவி நிற்க உள்வாய், வயலுக்குத் திறக்க மடை, மிஞ்சியது வெளியேற மறுகால், அந்த மறுகால் போய்ச் சேர அடுத்த குளம் என்று அமைந்த ஓர் இயந்திரம் அது. 'நிலத்தால் சூழப்பட்ட நீர்' என்ற தொடரில் இவற்றுள் எதுவும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலம் 1,000 மீட்டருக்கு 2 மீட்டர் வீதம் சரிகிறது என்று கொள்வோம். கரையடியில் 4 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால், அது பின்புறமாக 2,000 மீட்டர், அதாவது 2 கிலோமீட்டர் வரை பரவும். கரையின் நீளம் 1 கிலோமீட்டர் என்றால், குறுக்குவெட்டு முக்கோணமாதலால், கொள்ளளவு 40 லட்சம் கன மீட்டர். இனி நீர்மட்டம் 1 மீட்டர் மட்டும் இறங்கட்டும். பின்புறம் 500 மீட்டர் அகலத்துக்கு நிலம் வெளியே வந்துவிடும். பரப்பில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. 2 மீட்டர் இறங்கினால் பரப்பு பாதியாகும்; ஆனால் இருக்கும் நீரோ நாலில் ஒரு பங்குதான்.

கரையின்மீது நீர் செலுத்தும் விசையையும் காணலாம். 4 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 4 டன் எடை அழுத்துகிறது. ஒரு மீட்டர் நீளக் கரைமீது மொத்தம் 8 டன் எடைக்குச் சமமான விசை. ஆழம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். கரையின் அடி அகன்றும் தலை குறுகியும் இருப்பதன் காரணம் இதுவே. கிண்ணத்தை வரைந்த மாணவருக்கு இக்கணக்கு எதுவும் தோன்றாது. கரையை வரைந்தவருக்குத் தானாகவே தோன்றும்.

ஒரு சொல்லின் வரையறையைக் குறித்து இவ்வளவு வாதிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நம் பகுதி மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் உள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகும். பாசனத்தாலும் ஆவியாதலாலும் கோடைக்குள் வற்றிவிடும். ஆண்டில் பல மாதங்கள் நீரே இராது. 'நீர்ப்பரப்பே ஏரி' என்று படித்தவர் கண்ணுக்கு அந்த மாதங்களில் அங்கே குளமே இல்லை! வெறும் நிலம் தெரிகிறது. அதுவும், மேலே கண்ட கணக்கின்படி, உள்வாயின் பின்கோடிதான் முதலில் காய்ந்து, கடைசியில் நனைகிறது. மழை குறைந்த ஆண்டுகள் தொடர்ந்து வந்தால் அங்கே நீர் எட்டிப் பார்ப்பதே இல்லை. முதலில் ஒரு வேலி, பிறகு ஒரு சாலை, அப்புறம் வீட்டுமனைகள். வாங்குகிறவர் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர் அல்லர். நம்மிடம் பூகோளம் படித்தவர்தான். குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வேண்டியதுதான். ஆனால் குளம் என்றால் என்னவென்று பள்ளியிலேயே சரியாகச் சொல்லியிருந்தால் அதன் வேலை சற்று எளிதாகியிருக்கும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவாயிற்று. குளக்கரைகள் பல இடங்களில் உடைந்தன. அத்தகைய மழை எந்த ஏற்பாட்டையும் திணறடிக்கும் என்பது உண்மையே. ஆனால் உள்வாய் எது, மறுகால் போகும் வழி எது என்று தெரியாமல் குடியேறிய இடங்களில் துன்பம் இன்னும் மிகுதி. நிலச்சரிவு மாறாதவரை நீர் தன் பழைய வழியிலேதான் வரும்.

என்ன செய்யலாம்?

'சிறுவர்களுக்கு எளிமையாகச் சொன்னோம்' என்பது பாடநூல் எழுதுவோர் தரும் சமாதானம். எளிமை வேண்டியதே. ஆனால் எளிமையாகச் சொன்னது பிறகு திருத்த வேண்டாததாக இருக்க வேண்டும். சில மாதிரிகளை முன்வைக்கிறேன். நீங்கள் இவற்றை மேலும் செப்பம் செய்யலாம்.

தீவு: ஓதம் உயர்ந்த வேளையிலும் நீருக்கு மேலே நிற்கும், நீர் சூழ்ந்த இயற்கை நிலம்; கடல் மட்டமோ அரிப்போ மாறினால் இது தோன்றவும் மறையவும் கூடும்.

குடா: கடல் நிலத்தினுள் வளைந்து புகுந்த பகுதி; பெயரில் வரும் வளை, விரி என்பன வழக்கு பற்றியவை.

நீரிணை: இரு நிலங்களுக்கு இடையே இரு கடல்களை இணைக்கும் ஒடுங்கிய நீர், ஆழம் குறைந்த நீரிணை, கடல் மட்டம் தாழ்ந்த காலத்தில் நிலமாக இருந்திருக்கலாம்.

குளம், ஏரி, கண்மாய்: சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் கரை எழுப்பி மழைநீரையோ ஆற்றுநீரையோ தேக்கும் அமைப்பு, நீர் வற்றிய காலத்திலும் அதன் உள்வாய் குளமே.

கடைசி வரிதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. கூடவே, ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எடுத்துக்காட்டு நம் நாட்டிலிருந்து வரட்டும். சுப்பீரியர் ஏரி இரண்டாவதாக வரட்டும். வட்டார வழக்குகளையும் அருகில் தரலாம். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982-ஆம் ஆண்டில் அகராதியாக வெளியிட்டார். ஒவ்வொரு வட்டத்திலும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்தால் நிலத்துக்கும் நீருக்கும் உரிய சொற்களை மட்டுமாவது தொகுத்துவிடலாம்.

அந்த மாணவரிடம், "உங்க ஊர்க் குளத்தையே வரைப்பா" என்று சொல்லிக் கரும்பலகைக்கு அழைத்தேன். ஒரு பக்கம் கரை, மறுபக்கம் மெல்லிய சாய்கோடு என்று வரைந்தார். உடனே பின்வரிசையிலிருந்து, மறுகால் இன்னும் கீழே வர வேண்டும் என்று ஒரு குரல். மடை இருக்கும் இடம் தவறு என்று இன்னொரு குரல். கிண்ணம் வரைந்த அதே மாணவர்கள்தாம். அவர்களுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது; அதைப் பாடத்தில் எழுதலாம் என்பதுதான் தெரியவில்லை.

வாசகர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உங்கள் ஊர்க் குளத்துக்குச் செல்லுங்கள். கரையை அடியால் அளந்து நீளம் காணுங்கள். மடைகள் எத்தனை, மறுகால் எங்கே, அதன் நீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று குறியுங்கள். உள்வாய் எதுவரை இருந்தது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, இன்று எதுவரை இருக்கிறது என்று நடந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தையும் மறவாமல் எழுதிக்கொள்ளுங்கள்.